நிற்காத சைக்கிள்

ஓர் அறுவடை இயந்திரத்தைக் கழுவி முடிக்க அறிவுமதியின் அப்பாவுக்கு மூன்று மணி நேரம் ஆகும். அந்தச் சனிக்கிழமை மதியம் அவர் பாதிகூட முடித்திருக்கவில்லை. அப்போதுதான் அந்தச் சைக்கிள் வந்தது.

முதலில் அது சைக்கிள் என்றே அறிவுமதிக்குத் தெரியவில்லை. ஒரு பெரிய சேற்றுக் குவியலை யாரோ ஓர் அக்கா தள்ளிக்கொண்டு வருவது போல இருந்தது. அருகில் வந்ததும் சேற்றுக்கு நடுவே இரண்டு சக்கரங்கள் தெரிந்தன.

திருப்பனந்தாளிலிருந்து அணைக்கரை போகும் சாலையில் இருக்கிறது நெடுமாறன் வாட்டர் சர்வீஸ். டிராக்டரோ லோடு ஆட்டோவோ, சேற்றோடு உள்ளே போனால் பளபளவென்று வெளியே வரும். நெடுமாறனின் மகள் அறிவுமதி ஆறாம் வகுப்பு. தம்பி செம்மொழி இரண்டாம் வகுப்பு. விடுமுறை நாளில் இருவரும் அங்கேதான் இருப்பார்கள்.

"அண்ணே, சைக்கிள் கழுவுவீங்களா?" என்று அந்த அக்கா கேட்டார்.

அப்பா மோட்டாரை நிறுத்தினார். "எது வந்தாலும் கழுவுவோம்மா. ஆனா இந்த மெஷின் அஞ்சு மணிக்கு வலங்கைமான் போகணும். என் பொண்ணு கழுவும், பரவால்லையா?"

"தாராளமா. சேறு போய் சக்கரம் சுத்தினா போதும்."

செம்மொழி சைக்கிளைச் சுற்றி வந்தான். "டயரைப் பாரு மதிக்கா. டிராக்டர் போட்ட குட்டி மாதிரி இருக்கு."

அந்த அக்கா சிரித்தார். "இது மலையில ஓட்டுற சைக்கிள் தம்பி."

"இங்க ஏது மலை?"

"மலையிலேருந்துதான் வர்றேன். தலைக்காவிரியில கிளம்பி இன்னைக்குப் பதினோராவது நாள். காவிரி கூடவே வந்துட்டேன். நாளைக்குக் காலையில பூம்புகார்ல கடலைப் பார்த்துட்டா முடிஞ்சிது."

அறிவுமதி வாயைத் திறந்தபடி நின்றாள். தலைக்காவிரி அவளுக்குப் புத்தகத்தில் வரும் ஒரு பெயர். அங்கிருந்து ஒருவர் கிளம்பி அவள் வீட்டு வாசலுக்கு வர முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"அங்க காவிரி எப்படிக்கா இருக்கும்?"

"ஒரு சின்னத் தொட்டி. கல்யாண வீட்டு அண்டா அளவுதான் இருக்கும். அதுக்குள்ள தண்ணி சத்தமே இல்லாம ஊறுது. நம்ம ஊரையெல்லாம் விளைய வைக்கிற ஆறு இதுதானான்னு எனக்கே நம்ப முடியலை."

அவர் பெயர் பிரகதீஸ்வரி. வலங்கைமான்காரர். மைசூரில் ஒரு தபால் நிலையத்தில் வேலை. நேற்று கொள்ளிடக்கரையில் பெய்த மழையில் சைக்கிள் சேற்றில் புதைந்துவிட்டது. காலையிலிருந்து பாதி தூரம் ஓட்டியும் பாதி தூரம் தள்ளியும் வந்திருந்தார். இன்னும் சாப்பிடவில்லை. எதிரே இருந்த மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனார்.

அறிவுமதி குழாயை மெல்லத் திறந்து மேலிருந்து தண்ணீர் விட்டாள்.

முதலில் கருஞ்சாம்பல் நிறத்தில் சேறு வழிந்தது. அது அவளுக்குத் தெரிந்த மண். அவர்கள் வயலிலும் அதே களிதான். அதற்கடியில் வெளிறிய மணல் ஒட்டியிருந்தது. அதுவும் கரைந்த பிறகு, சட்டத்தின் இடுக்குகளிலிருந்து செக்கச்செவேலென்று ஒரு மண் வந்தது. அந்த நிற மண்ணை அவள் தன் ஊரில் எங்கும் பார்த்ததில்லை.

"ரத்தமா மதிக்கா?" செம்மொழி இரண்டடி பின்னால் போனான்.

"மண்ணுடா. குடகு மண்ணா இருக்கும்."

மூன்று நிறங்களும் சிமெண்டுத் தரையில் ஒன்றாக ஓடி வாய்க்காலில் இறங்கின. பதினோரு நாள் பாதை அவள் காலடியில் ஓடிப்போவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இவ்வளவு தூரம் வந்த சைக்கிளுக்கு வெறும் தண்ணீர் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. அப்பா புது டிராக்டருக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்ய வேண்டும். டீசல் தெளிப்பானை எடுத்தாள். செயின், சக்கரத்தின் நடு, கம்பிகள் என்று எல்லா இடத்திலும் புகைபோல டீசல் அடித்தாள். சோப்பு நுரை போட்டாள். தண்ணீர் பீய்ச்சும் கன்னை எடுத்து வேகமாகப் பாய்ச்சினாள். கடைசியில் பாலிஷ்.

சக்கரத்தின் நடுவில் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக ஓர் இரும்புத் தகடு இருந்தது. அதில் பூ வேலைப்பாடு போல ஓட்டைகள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சைக்கிளிலேயே அழகானது அதுதான். இரண்டுக்கும் இரண்டு தடவை பாலிஷ் போட்டு, தன் முகம் தெரியும்வரை தேய்த்தாள்.

"செம்மொழி, கொஞ்சம் தள்ளிப் பாரு."

செம்மொழி தள்ளினான். அறிவுமதி பக்கத்தில் நடந்தபடி பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் இறுக்கினாள். அப்போதும் சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் அவள் கைப்பிடியைக் கட்டிப்பிடித்து இழுத்த பிறகே சைக்கிள் நின்றது.

அவள் குனிந்து பார்த்தாள். பிரேக்கின் இரண்டு சின்னக் கட்டைகள் அந்த அழகான தகட்டைத்தான் இருபுறமும் கவ்வின. பிடிக்க வேண்டிய இடத்தில் அவள் வழுக்க வைத்திருந்தாள்.

செம்மொழி கிசுகிசுத்தான். "சொல்லாதே. அந்த அக்காவுக்குத் தெரியாது."

"தெரியாம ஓட்டினா, எதிர்ல லாரி வந்தாகூட நிறுத்த முடியாதுடா."

பிரகதீஸ்வரி மெஸ்ஸிலிருந்து சாலையைக் கடந்து வந்தார். சைக்கிளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அடடே, கடையில வாங்கினப்பகூட இப்படி இல்லையே."

"அக்கா, பிரேக் பிடிக்காது," என்றாள் அறிவுமதி. "நான்தான் கெடுத்தேன். டீசலும் பாலிஷும் அந்தத் தட்டுல போட்டுட்டேன்."

பிரகதீஸ்வரி பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தார். மறுபடியும் ஒரு முறை பார்த்தார். பிறகு கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்குப் புதுக் கட்டை தஞ்சாவூர்ல கிடைச்சா உண்டு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கடை இருக்காது. திங்கக்கிழமை நான் மைசூர்ல இருக்கணும்." சாலையைப் பார்த்தார். "பரவால்ல. பஸ் மேல சைக்கிளை ஏத்திட்டுப் போயிடறேன். ஐம்பது கிலோமீட்டர்தானே."

பரவாயில்லை என்று வாய் சொன்னது. பதினோரு நாளில் ஒரு முறைகூட அவர் பஸ்ஸில் ஏறியதில்லை. அது அறிவுமதிக்கு அவர் குரலிலேயே தெரிந்தது.

"கடையில எதை வச்சுக்கா இதைக் கழுவுவாங்க?"

"மைசூர்ல ஒரு பையன் கழுவுவான். ஏதோ பாட்டில்ல இருந்து அடிப்பான். பேரு தெரியாது. அடிச்ச நிமிஷமே காஞ்சிடும். தட்டுல ஒண்ணுமே இருக்காது."

ஒண்ணுமே இருக்காது. அறிவுமதி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெயை எடுக்க வேண்டும். எடுக்கிற பொருளும் தங்காமல் போய்விட வேண்டும். அப்படி எது இருக்கிறது? தகட்டில் இன்னொரு தப்புச் செய்யக் கூடாது. வேறு எதிலாவது சோதித்துப் பார்க்கலாம்.

அலமாரியில் பழைய மோட்டார் சைக்கிள் கண்ணாடி ஒன்று கிடந்தது. அதன் மேல் பாலிஷைத் தடவினாள். ஓர் ஓரத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தாள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது.

"செம்மொழி, இதுல ஊது."

அவன் 'ஹா' என்று மூச்சு விட்டான். கண்ணாடியில் பனி படர்ந்தது. பனிக்குள் வரிவரியாகக் கறை தெரிந்தது.

"பார்த்தீங்களாக்கா? இன்னும் இருக்கு."

பிரகதீஸ்வரி பக்கெட்டை விட்டு எழுந்து அருகில் வந்தார்.

அடுத்து மண்ணெண்ணெய். ஊதியதும் வானவில் போல ஒரு படலம் தெரிந்தது. பெட்ரோலை அப்பா அவள் கையில் கொடுக்கவில்லை. மெஷினை விட்டுவிட்டு வந்து அவரே ஒரு துளி வைத்துத் துடைத்தார். சீக்கிரம் காய்ந்தது. ஊதியபோது அங்கேயும் மங்கலாக ஒரு வட்டம்.

"எனக்கு மூச்சு தீர்ந்துபோச்சு," என்றான் செம்மொழி.

காய்ந்துவிட வேண்டும். எதையும் விட்டுவைக்கக் கூடாது. அறிவுமதி தன் கையைப் பார்த்தாள். போன மாதம் காய்ச்சலுக்கு ஊசி போட்டபோது, பஞ்சால் தேய்த்த இடம் சில்லென்று இருந்தது. அடுத்த நொடி அந்த ஈரம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த மருந்துக் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் அப்துல் மஜீது எழுந்து நின்றார். "யாருக்கும்மா அடி?"

"யாருக்கும் இல்லை மாமா. ஊசி போடறதுக்கு முன்னாடி தேய்ப்பாங்களே, அந்த ஸ்பிரிட் வேணும். புதுப் பஞ்சும் வேணும். பிரேக்குக்கு."

"பிரேக்குக்கு ஊசியா?" என்று கேட்டபடியே பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

கண்ணாடியின் கடைசி மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாள். செம்மொழி இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினான். பனி படர்ந்தது. கறையோ வட்டமோ எதுவும் தெரியவில்லை. மெல்ல மெல்லப் பனி விலகியது. கண்ணாடிக்குள் வானம் மட்டும் இருந்தது, ஒரு நீலத் துண்டாக.

"பிழைச்சோம்," என்றார் பிரகதீஸ்வரி மெதுவாக.

அவர் பையிலிருந்து திருகு கழற்றும் சின்னச் சாவிகளை எடுத்துச் சக்கரங்களையும் பிரேக் கட்டைகளையும் கழற்றினார். உதவ அப்பாவும் கையை நீட்டினார்.

"அப்பா, தொடாதீங்க. உங்க கை பூரா டீசல்."

இருபது வருஷமாக வண்டி கழுவுகிறவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றார்.

தகட்டை அறிவுமதி ஒவ்வோர் ஓட்டையாகத் துடைத்தாள். பஞ்சு கறுத்தால் வேறு பஞ்சு. பதினான்காவது பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது. கட்டைகளின் மேல்பக்கம் எண்ணெய் குடித்து மின்னிக்கொண்டிருந்தது. தரையில் உப்புத்தாளைப் பரப்பி, மினுமினுப்புப் போகும்வரை பிரகதீஸ்வரி தேய்த்தார். பிறகு அதற்கும் ஸ்பிரிட். கன் பாய்ச்சிய தண்ணீர் சக்கர நடுவில் தங்கியிருக்கக் கூடாது என்று துணியால் ஒற்றி எடுத்து, வெயிலில் சாய்த்து வைத்தார்கள். செயினுக்கு மட்டும் கண்ணிக்கு ஒரு துளி எண்ணெய். மிச்சத்தையும் துடைத்துவிட்டு, கழற்றியதையெல்லாம் மறுபடி மாட்டினார்கள்.

"கட்டை உள்ள வரைக்கும் எண்ணெய் குடிச்சிருந்தா இதெல்லாம் பிரயோஜனம் இல்லை," என்றார் பிரகதீஸ்வரி. "ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும். இங்க சரிவு எங்க இருக்கு?"

அந்த ஊரில் எங்கே பார்த்தாலும் தரை தட்டையாகத்தான் இருக்கும். சரிவு என்றால் மண்ணியாற்றுக் கரை ஒன்றுதான். நாலு பேரும் அங்கே போனார்கள்.

கரையின் மேலிருந்து பிரகதீஸ்வரி மெதுவாக இறங்கினார். கீழே வந்து பிரேக்கைப் பிடித்தார். 'கீ...ச்' என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. சைக்கிள் நிற்காமல் வரப்பைத் தாண்டி ஓடியது. அவர் இரண்டு காலையும் ஊன்றித்தான் நிறுத்தினார். இன்னும் இரண்டு எட்டு போயிருந்தால் நாற்றுக்குள் இறங்கியிருப்பார்.

அறிவுமதி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"புதுக் கட்டை போட்டாலும் முதல்ல இப்படித்தான் இருக்கும்னு அந்தப் பையன் சொல்லியிருக்கான்," என்றார் பிரகதீஸ்வரி. "கட்டையும் தட்டும் உரசி உரசித்தான் பழகணுமாம். இருபது தடவை. நீ எண்ணு."

சமதரையில் ஓட்டினார், பிடித்தார். ஓட்டினார், பிடித்தார். அறிவுமதி சத்தமாக எண்ணினாள். எட்டாவது முறை சத்தம் குறைந்தது. பதிமூன்றாவது முறை சத்தமே இல்லை. பதினாறில் பின்சக்கரம் மண்ணில் கோடு கிழித்தது.

இருபதுக்குப் பிறகு மறுபடியும் கரை மேல் ஏறினார். இந்த முறை மெதுவாக வரவில்லை. பெடலை மிதித்து வேகமாக இறங்கினார். தலைமுடி பறந்தது. அப்பா, "ம்மா, பார்த்து," என்று ஓரடி முன்னால் வைத்தார். பிரகதீஸ்வரி இரண்டு கைகளிலும் ஒரு விரல், ஒரே ஒரு விரல் மட்டும் பிரேக்கில் வைத்து அழுத்தினார்.

சைக்கிள் நின்றது.

அத்தனை வேகமும் எங்கே போனது என்று தெரியாமல் அறிவுமதி அந்தத் தகட்டையே பார்த்தாள். மெல்லிய இரும்பு. அதன் இருபுறமும் பிஸ்கட் துண்டு அளவில் இரண்டு கட்டைகள். அவ்வளவுதான். அதன் அருகே கையைக் கொண்டுபோனாள்.

"தொடாதே, கொதிக்கும்," என்றார் பிரகதீஸ்வரி. "ஓடின வேகமெல்லாம் சூடா மாறி அதுலதான் இருக்கு."

தொடாமலே அந்தச் சூடு அவள் விரல் நுனிக்குத் தெரிந்தது.

நாலரை மணிக்குப் பிரகதீஸ்வரி மயிலாடுதுறைப் பக்கம் கிளம்பினார். இரவு அங்கே தங்கிவிட்டு விடியற்காலையில் புறப்படுவதாகத் திட்டம். அறுவடை இயந்திரம் வலங்கைமானுக்குக் கிளம்ப ஆறு மணி ஆகிவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பாவின் கைபேசியில் ஒரு படம் வந்தது. மணலில் அந்தச் சைக்கிள். அதற்குப் பின்னால் பழுப்பாக ஓர் ஆறு வந்து கடலைத் தொடுகிறது. தொட்ட இடத்திலிருந்து அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீலம். முன்சக்கரம் பாதி அலைக்குள் நின்றது.

செம்மொழி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "கடல் எங்க முடியுது மதிக்கா?"

"முடியலைடா."

அவளும் நெடுநேரம் பார்த்தாள். பிறகு கைபேசியை வாங்கி எழுதினாள். "அக்கா, அது உப்புத் தண்ணி. அப்படியே விட்டா நாளைக்கே செயின் துரு ஏறிடும். இன்னைக்கே நல்ல தண்ணியில கழுவித் துடைச்சுடுங்க."

உடனே பதில் வந்தது.

"உத்தரவுங்க. இதோ பக்கெட் தேடிட்டிருக்கேன்."