அத்தை குறைத்த மூன்று வயது

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர் என்று சிலரைச் சொல்வார்கள். சொர்ணலதாவை அப்படிச் சொல்ல முடியாது. அவள் இருபத்தொன்பது வயதிலும் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தில் பழ ஈக்களின் ஆயுளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். 1998 ஜூலையில் ஒரு மத்தியானம், சயாஜி ராவ் சாலையில் மழை பிடித்துக்கொள்ள, அவள் ஒதுங்கியது ஒரு ஹோட்டல் வாசலில்.

வாசலில் நின்ற பெண் அவளை டாக்டர் என்று நினைத்துவிட்டாள். ஒரு ஃபைலையும் காப்பியையும் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினாள். காப்பி நன்றாக இருந்தது. சரி, உட்காரலாம்...

மேடையில் டை கட்டிய ஒருவன் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, பெயர் சக்ரபாணி என்று சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டை சொன்னது. பெரிய கண்கள். ஏதோ நல்ல சேதி சொல்ல ஓடி வந்தவனுடைய கண்கள்... மழை வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தன. சொர்ணலதா அதைப் பார்த்தாள், பார்த்ததைத் தனக்கே மறைத்துக்கொண்டு காப்பியைக் குடித்தாள்.

விஷயம் இதுதான். செல்லுக்குள் இருக்கும் குரோமோசோமின் நுனிக்கு டெலோமியர் என்று பெயர். பூச்சரத்தின் கடைசி முடிச்சு மாதிரி அது சரத்தைக் காப்பாற்றும். செல் பிரியப் பிரிய முடிச்சு தேயும். அந்த வருஷம் ஜனவரியில், தேய்ந்த நுனியை வளர்க்கும் டெலோமரேஸ் என்ற நொதியைக் கொடுத்தால் ஆய்வகத் தட்டில் வளரும் மனித செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன என்று உலகமெல்லாம் சேதி வந்திருந்தது. அதற்குள் சக்ரபாணியின் கம்பெனி ஒரு மாத்திரையே தயாரித்துவிட்டது. நொதியைத் தூண்டும், முதுமையைத் தள்ளிப்போடும்; இப்போது சோதனையில் இருக்கிறது, டாக்டர்கள் நோயாளிகளைச் சேர்த்துவிட வேண்டும். சான்றாகத் திரையில் ஒரு படம். மாத்திரை தின்ற பழ ஈக்கள் இரண்டு மடங்கு வாழ்ந்தனவாம்.

சொர்ணலதாவின் கை தானாக உயர்ந்தது.

"பழ ஈக்களுக்கு டெலோமரேஸ் நொதியே கிடையாது. இல்லாததை உங்கள் மாத்திரை எப்படித் தூண்டியது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

முன்வரிசையில் தூங்கிய டாக்டர்கூட விழித்துக்கொண்டார். சக்ரபாணி திரையைத் திரும்பிப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையைக் குனிந்து தமிழில் முணுமுணுத்தான்.

"ஐயோ... எங்கிருந்துதான் வந்தாங்களோ இந்தம்மா..."

மைக் சும்மா இருக்குமா? ஹால் முழுக்க எதிரொலித்தது.

"மழைக்கு ஒதுங்கினேங்க," என்றாள் அவளும் தமிழில். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனாள்.

மழை விடவில்லை. போர்டிகோவில் நின்றாள். பின்னாலேயே டையைத் தளர்த்திக்கொண்டு அவன் வந்தான்.

"மேடம், மைசூர்ல மழைக்கு நிக்க வேற இடமே கெடைக்கலையா?"

"காப்பி குடுத்தாங்க. வேண்டாம்னு சொல்ல முடியல."

"ஒரு காப்பிக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? ஸ்வல்பம் மெதுவா கேட்டிருக்கலாம்..."

"மெதுவா கேட்டா மட்டும் ஈக்கு நொதி வந்துடுமா?"

அவன் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பு மெல்ல வடிந்தது. "நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிங்க. கம்பெனி குடுத்த படத்தைக் காட்டினேன். ஆனா நம்பித்தான் காட்டினேன்... அது பொய்யின்னா எனக்குத் தெரிஞ்சாகணும்."

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தவளுக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "சனிக்கிழமை மானசகங்கோத்ரியில எங்க லேபுக்கு வாங்க," என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே ஆட்டோ பிடித்தாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான், ஏன் அவசரப்பட்டு நனைந்தோம் என்று யோசித்தாள்.

வந்தான். ரவையும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய ஈ உணவின் வாசனையை முகர்ந்து, "கேசரி பண்றீங்களா?" என்றான். கண்ணாடிக் குப்பிகளில் ஈக்கள் மொய்ப்பதைப் பார்த்து அடங்கிப்போனான்.

"எந்த மருந்தைப் பத்தி யார் என்ன சொன்னாலும் முதல்ல இதைக் கேளுங்க," என்றாள் அவள். "எதுல பார்த்தாங்க? தட்டுலயா, பிராணியிலயா, மனுஷங்ககிட்டயா? தட்டுல செல் வாழ்ந்தா மனுஷன் வாழ்வான்னு அர்த்தமில்ல. புற்றுநோய் செல்லும் பெரும்பாலும் இதே நொதியை வெச்சுத்தான் சாகாம பெருகுது. அதைப் போய் மாத்திரையில தூண்டினா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. அப்புறம்... மருந்து சாப்பிடாதவங்களோட ஒப்பிட்டாங்களா? எத்தனை நாள் பார்த்தாங்க?"

"நீங்க எத்தனை நாள் பார்ப்பீங்க?"

"கடைசி ஈ சாகிற வரைக்கும். நடுவுல விட்டுட்டு முடிவு சொல்லக்கூடாது."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு குப்பியை எடுத்து, ஏற்கெனவே எண்ணிய ஈக்களை மறுபடி எண்ணினாள். எண்ணிக்கை தப்பியது.

போகும்போது அவன் சொன்னான்: "உங்கள மாதிரி உள்ளதை உள்ளபடி சொல்றவங்க கம்மிங்க."

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. காரணம், பாப்பாயி அத்தை.

தாயில்லாத அவளை வளர்த்தவள் அத்தை. கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்து, அண்ணன் குடும்பத்துக்காகவே இருந்துவிட்டவள். பெண்ணுக்கு வயது ஏறியது என்று இரண்டு இடம் தட்டிப்போன பிறகு, அவளே ஒரு மருந்து கண்டுபிடித்தாள். ஜாதகம் கேட்காத இடமாகப் பார்த்து, பெண்ணுக்கு இருபத்தாறு என்று சொல்லிவிடுவது. கம்பெனிக்காரன் மாத்திரைக்காவது சோதனை உண்டு. அத்தையின் மருந்து நேரே சந்தைக்கு வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து அத்தை வந்து சொன்னாள்: "ஞாயித்துக்கெழம மண்டி மொஹல்லாவுல இருந்து பொண்ணு பாக்க வர்றாங்க கண்ணு. பையனுக்கு இருவத்தெட்டு. உனக்கு இருவத்தாறுன்னு சொல்லியிருக்கறன். வாயத் தொறந்துறாத சாமி..."

சொர்ணலதா எப்போதும்போலத் தலையைக் குனிந்தாள். ஊரார் பொய்யைப் பிடிக்கத் தெரிந்த பெண்ணுக்கு வீட்டுப் பொய்யின் முன்னால் நாக்கு எழாது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தவள், அந்தப் பெரிய கண்களைப் பார்த்துத் தட்டை வைக்க மறந்து நின்றாள். அவனுக்கும் அதே கதி. பெயரைச் சொல்லாமல் 'நல்ல இடம்' என்று மட்டும் சொல்லி அவனை இழுத்து வந்திருந்தார்கள்.

"ஐயோ... நீங்களா?" என்றான் சக்ரபாணி. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அம்மா ஜயம்மாவின் பக்கம் திரும்பினான். "அம்மா, இவங்கதான் நான் சொன்னவங்க!"

அவனுடைய அப்பா விஷயத்தை உடைத்தார். "மண்டியா மீட்டிங்குல இவன் அந்த ஈப் படமே பொய்யின்னு டாக்டருங்ககிட்ட சொல்லிட்டானாம். வேலை போச்சு. வேற இடத்துல சேர்ந்துட்டான், சம்பளம் கொஞ்சம் குறைச்சல்..."

சொர்ணலதா தட்டைக் கீழே வைத்தாள். தன் கேள்விக்காக ஒருவன் வேலையை இழந்திருக்கிறான்.

ஜயம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். "ரொம்பச் சந்தோஷம்மா. இருபத்தாறுதானே உனக்கு? இவனுக்கு ரெண்டு வயசு எளசு, பொருத்தம்தான்."

கதவோரத்தில் அத்தை மூச்சுப் பிடித்து நின்றாள். தலையைக் குனிந்தால் போதும். கல்யாணம் நடந்துவிடும். இவன் கிடைத்துவிடுவான்... இவனைப் பிடித்திருக்கிறது, பொய்யில்லாமல் பிடித்திருக்கிறது. அதனால்தான் குனிய முடியவில்லை.

"இருபத்தொன்பதுங்க," என்றாள். "உங்க பையனைவிட ஒரு வயசு பெரியவ."

"அட பாவி மகளே!" என்று அத்தை தலையில் கைவைத்தாள். ஜயம்மா எழுந்தாள். யாரும் சண்டை போடவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. சக்ரபாணி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பா அவன் தோளில் கைவைத்து அழைத்துப் போய்விட்டார். காப்பி ஆறிக் கிடந்தது.

அன்றைக்கு அழாதவள், மறுநாள் லேபில் ஒரு குப்பி கை தவறி உடைந்ததற்கு அழுதாள்.

அந்த வாரக் கடைசியில் மறுபடி மழை. லேப் ஜன்னலோரம் நின்றவளின் பின்னால் குரல் கேட்டது.

"மழைக்கு ஒதுங்கலாமாங்க?"

நனைந்த சட்டையோடு சக்ரபாணி வாசலில் நின்றான்.

"அம்மா மூணு நாள் பேசல," என்றான். "நேத்து கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாங்க. அவங்க கல்யாணத்துல எங்க பாட்டி அவங்களுக்கு ரெண்டு வயசு குறைச்சுத்தான் சொன்னாங்களாம். அப்பாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. 'அந்தப் பொண்ணுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லையேடா'ன்னாங்க..."

"அதுக்காக ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒரு வயசு பெரியவளாச்சேன்னு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். நான் சொன்னேன்... எனக்காக அவங்க ஒரு வருஷம் முன்னாடியே வந்து காத்திருக்காங்கம்மா, அவ்வளவுதான்னு."

மழைச்சத்தம் பெரிதாகக் கேட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்ததை அவன் பார்த்துவிட்டான்.

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்குங்க, சொர்ணலதா. அந்த மைக்ல திட்டினேனே, அன்னைக்கிலேருந்து."

"எதுல பார்த்தீங்க?" என்றாள் அவள், குரல் தழுதழுக்க. "தட்டுலயா, பிராணியிலயா?"

"மனுஷன்ல. ஒரே ஆளு. ஒப்பிட வேற ஆளே இல்ல."

"ஒரே ஆளை வெச்சு முடிவு சொல்லக்கூடாதுங்க..."

"ஹௌதா, அப்படியா? அப்ப எத்தனை நாள் பார்க்கணும்?"

அவள் திரும்பினாள். குனியாமல், அந்தப் பெரிய கண்களை நேருக்கு நேர் பார்த்தாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள். "கடைசி வரைக்கும் பார்க்கணும். நடுவுல விடமாட்டேன்."