ஒற்றை பூட்ஸ்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

நூடுல்ஸ் கொதித்துக் கொண்டிருந்த பானைக்குப் பக்கத்தில் செல்போன் அலறியது.

லான்பிங் ஈரக் கையோடு எடுத்தாள்.

"நூடுல்ஸ் கடை. சொல்லுங்க."

"லான்பிங்... நான் இன்ஸ்பெக்டர் யான். முகத்துல எதையும் காட்டாம கேளுங்க. மாவ்மாவ் கிடைச்சுட்டான்!"

கரண்டி நழுவிப் பானைக்குள் விழுந்தது.

மாவ்மாவ்!

பதினாறு வருடங்களுக்கு முன், மூன்று வயதில், இதே சோங்சிங் நகரத்து மீன் மார்க்கெட்டில், ஒரு மழைநாளில் காணாமல் போன ஒரே மகன்!

எத்தனை போஸ்டர்... எத்தனை ஊர்... எத்தனை பொய் போன்கள்!

"உ... உயிரோடயா?"

"என் ஜீப்புல பின்னாடி உட்கார்ந்திருக்கான். ரத்தம் டெஸ்ட் பண்ணியாச்சு. உங்க பையனேதான். இப்ப கடையில யார் யார் இருக்கா?"

"ஒரு கஸ்டமர்... அப்புறம் பெங் அக்கா."

யானின் குரல் சட்டென்று தாழ்ந்தது.



"லான்பிங், ஒருத்தரையும் வெளிய விடாதீங்க! மாவ்மாவைத் தூக்கின ஆள் இப்ப உங்க கடைக்குள்ளதான் இருக்கு."

"யா... யாரு?"

"பேரைச் சொன்னா உங்க முகமே காட்டிக் குடுத்துடும். பத்து நிமிஷம் சமாளிங்க!"

போன் கட்!

"யாருடி போன்ல?"

மாவு தேய்த்துக் கொண்டிருந்த பெங் கேட்டாள்.

பெங்கின் ஐந்து வயது மகள் லிங்கும் அதே நாளில், அதே மார்க்கெட்டில்தான் காணாமல் போனாள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே அழுகை. ஒரே ரயில். ஒரே போஸ்டரில் இரண்டு குழந்தைகள். கூடப் பிறந்தவள்கூட இப்படி இருக்க மாட்டாள்.

அப்படியானால்...

லான்பிங்கின் பார்வை மூலை மேஜைக்குப் போனது.

தொப்பி அணிந்த அந்த ஆள் எழுந்துவிட்டான்!

"இருங்க! சூப்... இன்னொரு கிண்ணம் சூப் தரேன்!"

"வேணாம்மா. வயிறு ரொம்பிடுச்சு."

"காசு வேணாம்! சும்மா குடிங்க!"

"என்னம்மா இப்படிக் கெஞ்சறீங்க? அதுல எதையாவது கலந்துட்டீங்களா?"

சிரித்துக் கொண்டே மழையில் படியிறங்கி நடந்தான்.

போய்விட்டான்!

லான்பிங் மேஜையைப் பிடித்துக் கொண்டாள். 

"ஏண்டி, போன்ல யாருன்னு கேட்டேனே?"

"ஒ... ஒண்ணுமில்லக்கா. மறுபடியும் எவனோ ஒரு ஃபிராடு. மாவ்மாவ் கிடைச்சுட்டானாம்."

பெங்கின் கை ஒரு கணம் நின்றது. பிறகு வந்து முதுகைத் தடவினாள்.

"நம்பாதடி. இப்படி எத்தனை தடவை ஏமாந்திருக்கோம்! பாவம் புள்ள... ஒரு கால்ல பூட்ஸ் இல்லாம, அந்தக் குளிர்ல என்ன பாடு பட்டுச்சோ!"

லான்பிங்கின் மூச்சு நின்றது.

ஒரு கால்ல...?

போஸ்டரில் போட்டிருப்பது 'மஞ்சள் பூட்ஸ், ஒரு ஜோடி'! அதில் ஒன்று மார்க்கெட்டின் பின்வாசலில் கிடைத்தது போலீசுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று யான் அன்றே சத்தியம் வாங்கியிருந்தார்.

பெங்கிடம்கூட அவள் சொன்னதில்லை!

முதுகைத் தடவிய கை தோளுக்கு வந்தது. மெல்லக் கழுத்துக்கு வந்தது.

"என்னடி... மூச்சே விட மாட்டேங்கறே?"

"கொ... கொத்தமல்லி நறுக்கணும்க்கா."

பெங் கையை எடுத்தாள். நிதானமாக வாசலுக்கு நடந்தாள்.

தட தட தடவென்று ஷட்டர் இறங்கியது!

கடைக்குள் இருட்டு. அடுப்பு நெருப்பு மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பெங்கின் கையில் கறி வெட்டும் கத்தி மின்னியது!

"வாய் தவறிடுச்சுடி. பூட்ஸ் விஷயம் உன் முகத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"அக்கா! பதினாறு வருஷம் என்கூட உட்கார்ந்து அழுதியே!"

"பக்கத்துல இருந்தாத்தானே நீ எங்க தேடறேன்னு தெரியும்? அவனை வித்த ஃபூஜியன் பக்கம் போலாம்னு நீ சொன்னப்பல்லாம், 'வேணாம்டி, வடக்கே போவோம்'னு இழுத்துட்டுப் போனது யாரு?"

"உன் லிங்கும்... அன்னிக்குத்தானே காணாம..."

 கத்தி ஓரடி முன்னால் வந்தது.

லான்பிங் கொதிக்கும் பானையை அப்படியே தூக்கினாள். தூக்கிய வேகத்தில் பாதித் தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது.

"கிட்ட வராதே... ஊத்திடுவேன்!"

டம்! டம்! டம்!

"பெங் மேடம்! உள்ளதான இருக்கீங்க? உங்களுக்கு நல்ல சேதி!"

இன்ஸ்பெக்டர் யான்!

கண்ணிமைக்கும் நேரத்தில் கத்தி மாவு மூட்டைக்குப் பின்னால் போனது. பெங்கின் கண்களில் கண்ணீர் தயாராக நின்றது. ஷட்டர் மேலேறியதும் கதறினாள்.

"காப்பாத்துங்க சார்! இவளுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சு! கொதிக்கிற தண்ணியை என் மேல ஊத்த வர்றா!"

"அதை அப்புறம் பார்ப்போம் மேடம். முதல்ல சந்தோஷப்படுங்க. உங்க பொண்ணு லிங் கிடைச்சுட்டா!"

பெங்கின் முகம் மாவாக வெளுத்தது!

"புள்ளையைத் தொலைச்சவங்க சங்கத்துல எல்லாரும் ரத்தம் குடுத்தப்ப, சந்தேகம் வரக் கூடாதுன்னு நீங்களும் குடுத்தீங்க பாருங்க... அது பொருந்திடுச்சு."

குடையை மடக்கிக் கொண்டு, இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள்.

"எனக்கு அப்ப அஞ்சு வயசும்மா. எல்லாம் ஞாபகம் இருக்கு. எங்க ரெண்டு பேரையும் மார்க்கெட்டுலேர்ந்து ஒரு பஸ்ல ஏத்திவிட்டது நீதான். ஆம்பளப் புள்ளைக்குத்தான் விலை. என்னைக் கொசுறா சேர்த்துவிட்டே!"

லிங் திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"பஸ்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டே அழுதவன், என்னை வாங்கினவங்களுக்குப் பக்கத்து வீட்டுலதான் வளர்ந்தான். இவனையும் ரத்தம் குடுக்க நான்தான் இழுத்துட்டு வந்தேன்."

வாசலில் நெடுநெடுவென்று ஒரு பையன். மழையில் நனைந்து, எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றான்.

"நீங்க... அம்மாவா?"

வெந்த கால் வலிக்கவில்லை. லான்பிங் மாவு ஒட்டிய விரலால் அவன் கன்னத்தைத் தொட்டாள். தொட்டால் மறைந்துவிடுவானோ என்று பயந்து பயந்து தொட்டாள்.

மறையவில்லை!

அந்த இடைவெளியில் பெங் சமையலறைப் பின்கதவுக்குப் பாய்ந்தாள்!

யான் எட்டி அவள் காலரைப் பிடித்தார்.

"எங்க மேடம் ஓடறீங்க? வாரம் தவறாம ஸ்டேஷனுக்கு வந்து 'என் பொண்ணைக் கண்டுபிடிங்க'ன்னு எங்க உயிரை எடுத்தீங்க. கண்டுபிடிச்சுக் குடுத்தா... ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லாமப் போறீங்களே!"