தோளில் படவேண்டிய கை

பாட்டு முடியவேண்டிய இடத்தில் முடியவில்லை.

நிலக்சி முதலில் தன்னைத்தான் சந்தேகித்தாள். காலையில் இருந்து ஒரே பாட்டை வெட்டியும் ஒட்டியும் கழுவியும் கொண்டிருந்தால் யாருக்கும் காது மரத்துப்போகும். எங்கேயோ ஒரு துண்டை இரண்டு தரம் ஒட்டியிருப்பாள், வேறென்ன. திரையைப் பார்த்தாள். ஒலியலை வழக்கமான இடத்தில் ஒழுங்காக முடிந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு வெறும் நேர்கோடு. அந்த நேர்கோட்டின் மேல், எப்போதோ பதிந்த அந்தப் பாட்டின் பாடகர் எஸ்ரா டல்லிஸ் கிற்றாரை மீட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், அடுத்த அடியைப் பாடத் தொடங்கினார்.

பழைய இசைத்தட்டுகளின் கீறலையும் இரைச்சலையும் நீக்கிக் கொடுப்பது அவளுடைய தொழில். வெக்ஸ்போர்ட்டில் அவர்கள் வாங்கிய வீட்டின் பேஸ்மென்டில், சாமான் போட்டுவைத்த அறையை அவளுடைய கணவன் வாகீசன் ஸ்டூடியோவாக மாற்றிக் கொடுத்திருந்தான். சுவர் முழுக்கப் பஞ்சு. ஜன்னல் கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் பொருத்திய கனத்த கதவு. உள்ளே நின்று கத்தினாலும் மேலே கேட்காது என்பதில் அவனுக்கு அப்படியொரு பெருமை; வீடு பார்க்க வந்த சனத்தையெல்லாம் உள்ளே விட்டுக் கத்தச் சொல்லி, வெளியே நின்று சிரித்தான். கதவின் கைப்பிடி மட்டும் கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்தது. "நாளைக்கு இறுக்கி விடுறன்" என்று தினமும் சொன்னான். அந்த நாளை இன்னும் வரவில்லை.

மேல்மாடியில் சுபாங்கி மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். பத்து மாதப் பிள்ளை. மேசையில் இருந்த, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மொனிட்டரின் சின்னத் திரையில் தொட்டிலும், அதற்குள் குப்புறக் கிடக்கும் அந்தச் சின்ன உடம்பும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. இப்போதுதான் கம்பியைப் பிடித்து எழும்பி நிற்கப் பழகியிருக்கிறாள். தொட்டில் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிலத்தில் யார் இருந்தாலும் சரி, பின்னால் இருந்து கையை நீட்டித் தோளில் தட்டுவாள். தூக்கு என்று அர்த்தம். அந்த ஒரு தட்டுக்காகவே வாகீசன் பஸ் ஓட்டி முடித்து வந்ததும் சீருடையைக்கூடக் கழற்றாமல் போய் அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பான்.

இன்று அவன் வரப் பிந்தும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தன்னுடைய பஸ் எக்லின்டன் வீதியில் இறுகிப்போய் நிற்கிறது என்று மத்தியானமே போன் எடுத்துச் சொல்லிவிட்டான். அவளுடைய போனும் இப்போது மேலே, குசினி மேசையில். வேலை நேரத்தில் அதை அவள் கீழே கொண்டுவருவதில்லை. கொம்பியூட்டரிலும் இன்டர்நெட் கிடையாது. இடையில் ஏதாவது டிங் என்று அடித்து ஒலியைக் கெடுத்துவிடும் என்று அவளே கழற்றி வைத்திருந்தாள். எல்லாம் ஒரு நல்ல சுத்தமான அமைதிக்காகச் செய்தது.

இசைத்தட்டைக் கொண்டுவந்து தந்தவர் மில்லிக்கனில் இருக்கும் ஸ்ரீதரன் அங்கிள். பென்ஷன் எடுத்த பிறகு பழைய இசைத்தட்டுச் சேர்க்கிற பைத்தியம் பிடித்தவர். தட்டைக் குளிக்கிற துவாயில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். எஸ்ரா டல்லிஸ் அமெரிக்காவின் தெற்கில், பருத்தித் தோட்டத்தில் பிறந்தவராம். சின்ன வயதிலேயே கண் போய், ஆர் கை கிடைத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், சந்திகளில் ப்ளூஸ் என்கிற சோகப் பாட்டுகளைப் பாடிப் பிழைத்தாராம். பதிந்தது ஆறே ஆறு பாட்டு. ஒரு போட்டோகூட இல்லை.

"பிள்ளை, அந்தக் காலத்திலை ஒரு தட்டிலை மூண்டு நிமிசத்துக்கு மேலை பிடிக்காது," என்று அங்கிள் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். "மற்ற ஆக்களுக்குச் சிவப்பு லைற்றைப் போட்டு நிப்பாட்டச் சொல்லுவினம். கண் தெரியாத மனிசனுக்கு லைற் போட்டு என்ன செய்யிறது? அதாலை ஒராள் பின்னாலை நிண்டு தோளிலை கையை வைக்கிறது. கை படுமட்டும் பாடிக்கொண்டே இருப்பார். பட்டால் நிப்பாட்டிப்போட்டு, அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டு வெளியிலை போவார்."

"ஆர் கையை வைச்சாலும் போவாரோ?"

"ஓம், ஆர் எண்டாலும். இதுதான் கடைசிப் பாட்டு. கதிரை, மேசை விக்கிற ஒரு தளபாடக் கடையின்ரை மேல்மாடியிலை பதிஞ்சது. தோளிலை கை வைச்ச கடைக் கிளாக்கரும் அவருமாகப் படியிறங்கிப் போனதைச் சனம் கண்டிருக்கு. அதுக்குப் பிறகு ரெண்டு பேரையும் ஒருத்தரும் காணேல்லை. கிளாக்கரின்ரை மனிசி சாகுமட்டும் தேடினவவாம்."

அதைக் கேட்டு அன்றைக்கு அவள் சிரித்தாள். பழைய பாட்டுக்காரர் எல்லாருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும்.

இப்போது சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் காலையில் அவள் வெட்டி எறிந்த ஒரு சத்தம் நினைவுக்கு வந்தது. பாட்டின் கடைசியில், தந்தி ஓய்வதற்குச் சற்று முன்னால், மெல்லிய ஒரு உரசல். ஊசியில் சிக்கிய தூசி என்று நினைத்தாள். இல்லை. அது துணி. கோட்டுத் துணியின் மேல் ஒரு கை படுகிற சத்தம். அவரை நிறுத்திய கையை அவள் அழித்துவிட்டாள்.

அவசர அவசரமாக மூலப் பிரதியைத் திறந்தாள். அதை அவள் தொட்டதே இல்லை. அதிலும் உரசல் இல்லை.

நிறுத்துகிற பொத்தானை அமத்தினாள். பாட்டு நிற்கவில்லை. ஹெட்போனின் வயரை இழுத்து எடுத்தாள். ஹெட்போனையே கழற்றி மேசையில் வைத்தாள். கிற்றார் இப்போது இன்னும் தெளிவாக, காதுக்குள் இருந்து அல்லாமல் அறைக்குள் இருந்து, அவளுடைய முதுகுக்குப் பின்னால், குளிர்கால ஜக்கெட்டுகளைக் குவித்துவைக்கிற மூலைக் கதிரையில் இருந்து கேட்டது. கூடவே பலகையில் சப்பாத்துக் குதி தாளம் போடுகிற சத்தம். இந்த அறையின் தரையில் கம்பளம் விரித்திருக்கிறது. பலகையே இல்லை. புது வார்னிஷ் மணத்தது, அதற்கடியில் நனைந்த கம்பளி, புகையிலை, நெடுநேரம் பூட்டிக்கிடந்த ஒரு மனிதனின் வியர்வை.

அவள் திரும்பவில்லை. மொனிட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரை மட்டும் பார்த்தபடி பக்கவாட்டில் நடந்து கதவுக்குப் போனாள். மேலே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடலாம். பனி என்ன பனி. கைப்பிடியை இழுத்தாள்.

கைப்பிடி அவளுடைய கையோடு வந்தது.

மற்றப் பாதி கதவுக்கு அந்தப் பக்கம் விழுந்திருக்கவேண்டும். விழுந்த சத்தம்கூட உள்ளே வரவில்லை. ஓட்டைக்குள் விரலை விட்டுத் திருகினாள். நகம் உடைந்தது. தோளால் இடித்தாள், காலால் உதைத்தாள், வாகீசனைத் திட்டினாள், பிறகு அழுதாள். அவன் அவ்வளவு நன்றாகத்தான் கட்டியிருந்தான். பஞ்சுச் சுவர் அவளுடைய குரலை வாங்கி வைத்துக்கொண்டது.

பின்னால் பாட்டின் நடுவே அவர் ஏதோ கேட்டார். ஆங்கிலத்தில், களைத்த குரலில். போதுமா என்று கேட்டார்.

திரும்பித்தான் ஆகவேண்டி இருந்தது. கதிரை சுவரைப் பார்த்திருந்தது. ஜக்கெட்டுகள் தரையில் கிடந்தன. பழுப்புக் கோட்டுப் போட்ட ஒரு முதுகு. வலது தோள் கொஞ்சம் பதிந்து, காத்துக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. இத்தனை காலம் பாடிக் களைத்த மனிதன் ஒரு கையைத்தான் கேட்கிறார். ஆனால் தொட்டால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போவார். மேலே பிள்ளை தனியே. அவள் மொனிட்டரை நெஞ்சோடு அணைத்து, இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு, கதவோடு ஒட்டி நின்றாள்.

"மாட்டன்," என்றாள். "நான் தொடமாட்டன்."

பாட்டு கொஞ்சம் தயங்கியது. பிறகு தூரப்போகத் தொடங்கியது. சுவருக்குள் போனது. இன்னும் மெலிந்தது. வார்னிஷ் மணம் அடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. அவள் அப்படியே தரையில் இருந்துவிட்டாள். முருகா, முருகா என்று வாய் தானாகச் சொன்னது.

அப்போது கையில் இருந்த மொனிட்டர் பாடியது.

சாம்பல் திரை. தொட்டில். தூங்குகிற பிள்ளை. தொட்டில் கம்பியில் சாய்ந்து, நிலத்தில் இருந்துகொண்டு ஒரு முதுகு. மடியில் கிற்றார்.

மொனிட்டரில் மேலே பேசுவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. பிள்ளை சிணுங்கினால் ஆராட்டுவதற்காக. அவள் யோசிக்கவில்லை. பெருவிரல் வெளுக்க அதை அமத்தினாள்.

"இஞ்சை வா! கீழை வா! நான் தொடுறன், என்ரை கையைப் பிடி! பிள்ளையை விடு!" தமிழில் கத்தினாள். பிறகு ஆங்கிலத்தில் கத்தினாள். "என்ரை கை! என்னைக் கொண்டுபோ!"

முதுகு அசையவில்லை.

பிள்ளை அசைந்தது.

அம்மாவின் குரல். சுபாங்கி தலையைத் தூக்கினாள். கண்ணைக் கசக்கினாள். குரல் வந்த பக்கத்தைத் தேடினாள்.

நிலக்சி பொத்தானை விட்டாள். வாயைப் பொத்தினாள். படு. படு குஞ்சு. தயவுசெய்து படு.

பிள்ளை கம்பியைப் பிடித்தது. எழும்பி நின்றது. முதுகைக் கண்டது.

சிரித்தது.

சின்னக் கை கம்பிக்கு வெளியே நீண்டது. நிலக்சி கதவை அடித்தாள். அடித்தாள். ஒரு சத்தமும் வெளியே போகவில்லை.

சின்னக் கை தோளில் தட்டியது.

பாட்டு நின்றது.

மொனிட்டரில் இப்போது துளி இரைச்சல்கூட இல்லை. பழுப்புக் கோட்டுக்குள் இருந்து ஒரு பெரிய கை மெதுவாக எழும்பி, தோளில் இருந்த சின்னக் கையைத் தடவிப் பார்த்து, மூடிக்கொண்டது.