நாடி நோட்டில் ஒரு பொய்

எங்கள் கோச் சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் ஓடி முடித்தாலும் உடனே ஓடியவரின் மணிக்கட்டைப் பிடித்து, பதினைந்து விநாடி நாடித் துடிப்பை எண்ண வேண்டும். அதை நான்கால் பெருக்கி, நாடி நோட்டில் எழுத வேண்டும். எண்ணி எழுதுவது என் வேலை. எனக்கு வயது பத்து. மைதானத்தில் எல்லோர் காலிலும் இடறிக்கொண்டே திரிந்ததால், "இந்தா, இதையாவது செய்" என்று கொடுத்துவிட்டார்.

தொடர் ஓட்டத்தில் கடைசியாக ஓடுபவன் என் அண்ணன். சனிக்கிழமை போட்டி. போன வாரம்தான் வைரஸ் காய்ச்சலில் ஐந்து நாள் சுருண்டு கிடந்தான். தெர்மாமீட்டரில் சூடு இறங்கியதும், "எல்லாம் சரியாயிடுச்சு" என்றார் அம்மா. நாங்களும் நம்பினோம்.

செவ்வாய் மாலை அவன் ஓடி வந்து புல்லில் சாய்ந்தான். நான் கையைப் பிடித்தேன். டக், டக். பிறகு ஒன்றுமே இல்லை. அப்புறம் அவசரமாக மூன்று.

"அண்ணா, உன் நாடி நின்னு நின்னு போகுது."

"உனக்கு எண்ணத் தெரியல, வாலு."

"எனக்கா? பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தெரியும்!"

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கொஞ்சம் படபடன்னு அடிக்குது, அவ்ளோதான். சாருக்குத் தெரிஞ்சா என்னை உட்கார வெச்சிடுவார். நூத்திருபதுன்னு எழுதிடு. யார்கிட்டயும் சொல்லாத."

எழுதிவிட்டேன். எழுதிய நொடியிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணன் எங்கள் மாடிப்படியின் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"என்னாச்சு?"

"ஷூ லேஸ் அவுந்துடுச்சு."

அவன் போட்டிருந்தது செருப்பு.

நான் அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். கணக்குப் பாடத்தைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். "கால்ல சக்கரமா கட்டியிருக்கு? ஒரு இடத்துல உட்காரு!" என்றார் அம்மா. வாய் வரை வந்தது. அண்ணன் முறைத்தான். முழுங்கிவிட்டேன்.

மறுநாள் அண்ணன் ஓட்டம் தொடங்கும் கோட்டில் நின்றான். கோச் சார் விசிலை வாயில் வைத்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சார், ஊதாதீங்க! நேத்து நான் பொய் எழுதினேன். அண்ணன் நாடியை எண்ணவே முடியல, விட்டு விட்டு அடிச்சுது."

"காட்டிக் கொடுக்கிறியா?" என்று அண்ணன் கத்தினான்.

கோச் சார் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அம்மாவுக்குப் போன் போட்டார். அடுத்த அரை மணியில் மருத்துவமனையில் இருந்தோம்.

டாக்டரம்மா அண்ணன் மார்பில் ஒயர்களை ஒட்டி, நீளமான தாளில் கோடுகளைப் பார்த்தார்.

"காய்ச்சல் கிருமி போறப்ப இதயத்துல கொஞ்சம் வீக்கத்தை விட்டுட்டுப் போயிருக்கு. அதான் துடிப்பு தாளம் தப்புது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. இவனுக்கு ஆயிருக்கு."

"சனிக்கிழமை ஓடலாமா?" அண்ணனுக்கு அதே கவலை.

"ஆறு மாசத்துக்கு ஓட்டப் பேச்சே கூடாது. மருந்து, ஓய்வு, அப்புறம் மறுபடி பரிசோதனை. இப்படியே ஓடியிருந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். மூன்று நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

சனிக்கிழமை மாலை சேதி வந்தது. எங்கள் அணி நாலாவது இடம். அண்ணன் சட்டென்று என் பக்கம் திரும்பினான்.

"எல்லாம் உன்னாலதான்! குரங்கு! ஓட்டைவாய்! உன்னை நம்பிச் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

நான் நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

"திட்டுறேன், சிரிக்கிறே?"

"நீ இருந்து திட்டுறியே, அது போதும். இன்னும் திட்டு."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு காலை மடக்கி, கட்டிலில் எனக்கு இடம் விட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினான்.