ஐம்பதுக்குக் கீழே

கீழ் வீட்டில் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். போர்வைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த பீப் சத்தம் சட்டென்று வேகம் பிடித்தது. ஆனால் படுத்திருந்தவர் அசையவில்லை, இமைகூட ஆடவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே கட்டில் விளிம்பில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்த தையல்காரி திடுக்கிட்டு விழித்தாள். கணவர் சாப்பிட்டுப் படுத்தபோது மணி ஒன்று. இப்போது ஜன்னல் வெயில் செங்கல் நிறத்துக்கு இறங்கி, சுவரில் தையல் இயந்திரத்தின் நிழலை நீளமாய் இழுத்திருந்தது; அறையில் எண்ணெயும் புதுத்துணியும் கலந்த வாசனை. பீப், பீப், பீப். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மெல்ல மெல்ல அது அடங்கி நிதானத்துக்கு வந்தது. அவளுக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

அவருடைய அண்ணன்கள் இரண்டு பேரும் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர்கள்தான், எழுந்திருக்கவில்லை. இதய டாக்டர் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். மூளையிலிருந்து கழுத்து வழியாக இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு. இதயத்துக்கு அதுதான் பிரேக். வயிறு நிறைந்து, மனசு அடங்கி, கண் அசரும்போது அது இழுத்துப் பிடிக்கும். ஊருக்கெல்லாம் இளைப்பாறுதலாக இருக்கும் அந்தப் பிடி, இந்தக் குடும்பத்து ஆண்களுக்குத் தாளத்தை அறுத்துவிடும். துடிக்க வேண்டிய இதயம் வெறுமனே நடுங்கும். பிறகு நிற்கும்.

"ஓடும்போது பயமில்லைம்மா. ஓய்வுதான் பயம்." தாளம் அறுந்தால் அதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவியை நெஞ்சில் வைக்க வியாழக்கிழமை தேதி கொடுத்தார்.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் வெளியே வந்து சிரித்தார். "லிஃப்ட்டுக்குப் பிரேக் பிடிச்சா உள்ள இருக்கறவன் பொழைப்பான். எனக்குப் பிடிச்சா போயிடுவேனாம்."

அவள் சிரிக்கவில்லை. விரலைக் கவ்வும் துடிப்புமானி ஒன்றை வாங்கி வந்து அவர் விரலில் மாட்டினாள். துடிப்புக்கு ஒரு பீப்; நிமிடத்துக்கு ஐம்பதுக்குக் கீழே போனால் அலறும். ஒன்பது நாளாக அது அலறும்போதெல்லாம் எழுப்பினாள். முதலில் தோளைத் தொட்டு. பிறகு தண்ணீர் தெளித்து. பிறகு கிள்ளி. கிள்ளுவதும் பலிக்காமல் போனபோது, செத்துப்போன அண்ணன்களின் பெயர்களைக் காதில் கத்தினாள். அது நன்றாகவே வேலை செய்தது.

இன்று அவர் கெஞ்சினார். "ஒரே ஒரு மணி நேரம் விடேன்."

"வியாழக்கிழமைக்கு அப்புறம் வருஷம் பூரா தூங்குங்க."

"நீயும்தான் ஒன்பது நாளா தூங்கல. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

"இருக்கட்டும். பயந்தாத்தான் பொழைப்பீங்க."

அவர் அவள் நடுவிரலைத் தட்டினார். ஊசி குத்தாமலிருக்க மாட்டும் உலோக உறை. தைத்து முடித்தும் கழற்ற மறந்து அதோடே சாப்பிடுவாள், அதோடே தூங்குவாள். "விரல்ல தொப்பி இருக்கா இல்லையான்னே உனக்குத் தெரியாது. நீ என்னைக் காவல் காக்கறியாக்கும்."

பிறகு அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அதுவரைதான் அவளுக்கு ஞாபகம்.

கை இப்போதும் போர்வைக்கடியில், அவர் கைக்குள்ளேயே இருந்தது. மரத்துப்போயிருந்தது. விரல் நுனியில் வழக்கமான அந்த இறுக்கம். அவர் கை சில்லென்றிருந்தது, மின்விசிறிக் காற்று. பீப் சத்தம் அறுபது, அறுபத்திரண்டு இருக்கும். இத்தனை நேரத்தில் ஒருதரம்கூட அலறவில்லை. இப்படி ஒரு தூக்கம் தூங்கிவிட்டாரே, பிழைத்துக்கொண்டார் என்று நினைத்தாள்.

தலைமாட்டு ஸ்டூலில் ஏதோ மின்னியது. அவருடைய மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில், கவனமாகக் கவிழ்த்து வைத்த மாதிரி.

அவளுடைய விரலுறை.

பீப் வேகம் பிடித்தது.

அவர் நெஞ்சைப் பார்த்தாள். போர்வை ஏறவில்லை. இறங்கவில்லை. பீப் இன்னும் வேகமாக. காதருகில் குனிந்து அண்ணன்களின் பெயர்களைக் கத்தினாள். ஒன்று. இரண்டு. மறுபடி.

அவர் எழவில்லை. பீப் ஓடியது.

இடது கையால் போர்வையை விலக்கினாள்.

துடிப்புமானி அவள் விரலில் இருந்தது. அது நழுவாதபடி அவர் தன் ஐந்து விரல்களையும் மேலே மடித்துப் பொத்தியிருந்தார். விறைத்திருந்தன.

இழுத்தாள். வரவில்லை. அவர் விரல் இடுக்கில் சிவப்பாய் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. நூற்றுப் பத்து. நூற்று முப்பது. நூற்று ஐம்பது.