பின்னால் வந்த பொட்டு

ஓட வேண்டியது அது. ஆனால் துரத்திக்கொண்டு வந்தது.

அந்த விளையாட்டில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. வெள்ளைத் திரையில் நிறநிறமாய் வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் எங்கோ உட்கார்ந்து போனில் கட்டைவிரலைத் தேய்க்கிற ஓர் ஆள். பெரியது சிறியதை விழுங்கி இன்னும் பெரிதாகும். ஊர் உலகத்தில் நடக்கிற அதே சட்டம். குளிர்க்கிடங்கு சூப்பர்வைசரின் வட்டம் பாதித் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. 'பெரியவன்' என்று அதற்குத் தானே பெயர் வைத்திருந்தான். அவனைக் கண்டதும் மற்றவை சிதறின. ஒரு சாம்பல் பொட்டு மட்டும் ஓடவில்லை. மிளகு அளவு. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அது அவன் பின்னாலேயே வந்தது.

அவன் திரும்பினால் நின்றது. விழுங்கப் பாய்ந்தால் எட்டாத தூரத்துக்கு விலகியது. அது நகர்ந்த விதமும் சரியில்லை. மற்றவை எண்ணெயில் போவதுபோல வழுக்கும். இது வெட்டி வெட்டி வந்தது. இரண்டு வெட்டு, ஒரு நிறுத்தம். இரண்டு வெட்டு, ஒரு நிறுத்தம்.

"டீ ஆறிப்போச்சு. அந்தக் கண்றாவியை வச்சுட்டு வாங்களேன்," என்றாள் மனைவி.

மகள் அவன் தோளில் தாடையை வைத்து எட்டிப் பார்த்தாள். அவளும் அம்மாவின் போனில் இதையேதான் ஆடுவாள். "அந்தச் சின்னது பாவம்ப்பா. விட்டுடுங்க."

"எறும்பு யானையை விரட்டுது, இதுல பாவம் வேறயா?"

"அதுக்கு என்ன வேணும்னு பாருங்களேன்."

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். டீயைக் குடிக்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனான். குளிரறையின் கனத்த கதவுக்கு முன்னால் அவன் மேசை. ஈர அட்டைப்பெட்டியின் புளித்த வாடையும், எந்திரத்தின் விடாத முனகலும், கதவு திறக்கும்போதெல்லாம் தரையோடு தவழ்ந்து வந்து கணுக்காலைப் பிடிக்கிற வெண்புகையும் அவனுக்குப் பழகியவை. அன்று மட்டும் கதவுக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டான்.

"என்ன சார், சுவரு விழுந்துடும்னு முட்டுக் குடுக்கறீங்களா?" என்றார் லோடு இறக்குகிற கிழவர்.

"வேலையைப் பாருய்யா."

அப்போதுதான் ஈர்க்குச்சியின் மனைவி வந்தாள். ஈர்க்குச்சி அங்கே பெட்டி அடுக்கியவன். ஒல்லி உடம்புக்கு வைத்த பட்டப்பெயர். போன வாரம் குளிரறைக்குள் மாட்டி விறைத்துச் செத்தான். அவன் துணிமணியை வாங்கிப்போக வந்திருந்தாள். பையை வாங்கிக்கொண்டவள் நகரவில்லை.

"அண்ணா, நீங்க இதே இடத்துலதானே இருந்தீங்க. அவர் தட்டவே இல்லையா?"

"இல்லைம்மா."

"அவர் கை முட்டியெல்லாம் உரிஞ்சிருந்துச்சுண்ணா."

"குழாய் சத்தம் வரும்மா, அது எப்பவும் வரும். வேற ஒண்ணும் கேக்கல."

பச்சைப் பொய். உறைபனியை உருக்க எந்திரம் மாறி ஓடும்போது உள்ளே குழாய்கள் தட்டும் என்பது உண்மை. குளிர்க்கிடங்கில் வேலை பார்க்கிற எவனும் தட்டல் கேட்டால் "குழாய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பான். அதனாலேயே ஆட்களுக்குள் ஓர் எழுதாத சட்டம் இருந்தது. குழாய் தாறுமாறாகத் தட்டும்; ஆள் மாட்டினால் இரண்டிரண்டாகத் தட்ட வேண்டும். கதவின் உள்பிடி உடைந்திருக்கிறது என்று ஈர்க்குச்சியே வந்து சொன்னான். நாளைக்குப் பார்ப்போம் என்றான் சூப்பர்வைசர். அவன் உள்ளே மாட்டிய அன்று இரண்டிரண்டாகத்தான் தட்டல் வந்தது. இவன் கையில் போன். இன்னும் ஒரே ஒரு வட்டத்தை விழுங்கினால் களத்திலேயே இவன்தான் பெரியவன். குழாய்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். விழுங்கினான். பிறகு தட்டலும் நின்றது.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்த மாதிரி ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு திரியும்போது அதற்குக் கால் எதற்கு?

அவள் போனதும் விளையாட்டைத் திறந்தான். பொட்டு வந்தது. இப்போது சட்டைப் பொத்தான் அளவு. வழியில் கிடந்த எதையும் அது தின்னவில்லை. தின்னாமலே பெருத்திருந்தது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். சத்தம் ஏதாவது கேட்டதா என்றார். குழாய்தான் சார் என்றான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவரும் குழாய் என்று திரும்பிப் படுக்கிற ஜாதிதான் போல. அன்று மாலை சாம்பல் வட்டம் அவன் அளவுக்கு வளர்ந்து பக்கத்திலேயே நின்றது. விழுங்கவில்லை. உரசவும் இல்லை. நின்றது.

விளையாட்டை அழித்தான்.

அது இன்னும் மோசமாய்ப் போயிற்று. திரையில் இருந்தவரை அது எங்கே நிற்கிறது என்று தெரியும். இப்போது தெரியவில்லை. பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்தான், பின்னால் யாரும் வரக்கூடாதென்று. முதுகுக்குப் பின்னால் கண்ணாடியும் அதற்குப் பின்னால் வருகிற ரோடும் இருந்தன. தெருவில் அவன் நின்றால் ஏதோ நின்றது. செருப்புச் சத்தமா, தன் செருப்பின் எதிரொலியா என்று பிரித்தறிய முடியவில்லை. குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றக் கண்ணை மூட வேண்டும். மூடவில்லை. சோப்பு எரிந்தது. எரியட்டும் என்று விட்டான்.

"யாரு பின்னாடி வர்றாங்கன்னு இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க?" என்றாள் மனைவி.

"யாருமில்ல."

சொன்னதும் பிடரி சில்லிட்டது. அதுவும் ஒரு பொய்தானே.

பொறுக்க முடியாமல் மறுபடியும் விளையாட்டை ஏற்றினான். ஆட அல்ல. அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டால் போதும்.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாய்ச் சூடாக விழுந்துகொண்டிருந்தது. திரை விரிந்தது. பின்னால் பார்த்தான். இல்லை. களத்தின் நான்கு ஓரத்துக்கும் போய்ப் பார்த்தான். இல்லை. எங்குமே இல்லை. நெஞ்சில் அடைத்துக் கிடந்த மூச்சு வெளியே வந்தது. சிரித்தே விட்டான்.

"அலுத்துப் போயிட்டான் பய."

அடுத்த அறையில் மகளும் சிரித்தாள்.

போனான். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், அம்மாவின் போனோடு. திரையில் ஒரு சின்ன மஞ்சள் வட்டம், 'பாப்பா' என்று பெயர் போட்டு. அதற்கு முன்னால், திரை கொள்ளாமல், சாம்பல்.

"பாப்பா! திரும்பு! ஓடு!"

"எதுக்குப்பா? இவர் என்னைத் துரத்தல. நான்தான் இவர் பின்னாடி போறேன்."

"எங்கே?"

"உள்ளேயாம்."

"யார் சொன்னது?"

"இவர்தான்."

அந்த விளையாட்டில் பேச வழியே கிடையாது.

போனைப் பிடுங்கினான். மஞ்சள் வட்டம் நிற்கவில்லை. பொத்தானை அழுத்தினான். அணையவில்லை. சாம்பல் முன்னே போக மஞ்சள் பின்னே போயிற்று. களம் முடிகிற கோட்டைத் தாண்டியும் போயிற்று. கோட்டுக்கு அப்பால் வட்டங்கள் இல்லை. ஒன்றுமே இல்லை.

"கேட்டுச்சு!" என்று கத்தினான். "எனக்குக் கேட்டுச்சு! குழாய் இல்ல! நீதான்னு எனக்குத் தெரியும்! தெரிஞ்சுதான் எழுந்திரிக்கல!"

மனைவி வாசலில் வந்து நின்றாள். "என்ன தெரிஞ்சு? யாரை?"

சாம்பல் நிற்கவில்லை. உண்மையைக் கேட்கத்தான் அது வந்ததென்று இவ்வளவு நேரம் நினைத்திருந்தான்.

"பாப்பா. அப்பாவைப் பாரு."

அவள் பார்க்கவில்லை. கண்கள் அவனைத் துளைத்துக்கொண்டு எங்கோ தொலைவில் போய்க்கொண்டிருந்த எதையோ தொடர்ந்தன. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. மடியில் கிடந்த வெறுங்கையில் கட்டைவிரல் மட்டும் வழுக்கி வழுக்கி முன்னே போய்க்கொண்டிருந்தது.