இன்னும் ஒரே ஒரு மிதி

கிளட்ச் பெடலின் ரப்பரில் மட்டும் தூசி இல்லை.

ஸ்டீயரிங், பிரேக் பெடல், கியர் கம்பியின் குமிழ் என்று மற்ற இடமெல்லாம் மாதக்கணக்கான தூசி மாவு சலித்தாற்போல் படிந்திருந்தது. கிளட்ச் பெடல் மட்டும், யாரோ இப்போதுதான் காலை எடுத்ததுபோல் கறுப்பாக மின்னியது. எலியாக இருக்கும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெடலைத் துடைத்து வைக்கிற எலியை எந்த ஊரிலும் எவனும் பார்த்ததில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் வேலை கிடந்தது. பூஞ்சை பிடித்திருந்த ரப்பர் விரிப்பை உருவி வெளியே போட்டார். அதன் அடியில், தரைத்தகட்டில் துரு தின்ற ஓட்டை உள்ளங்கை அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

அவர் மெக்கானிக் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் காரில் இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது என்ற வறட்டுப் பிடிவாதம் மட்டும் உண்டு. அதற்காக மனைவி அவருக்கு வைத்த பெயர் மெக்கானிக்கர். “மெக்கானிக்கரே, சாப்பிட வர்றீங்களா, இல்ல தட்டக் காருக்கு அடியில தள்ளிவிடட்டுமா?” என்று சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வரும்.

அந்தக் குரல் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது வந்துவிட்டது. அவள் போனபின் கார் நின்ற இடத்திலேயே நின்றது. கிளட்சின் அடிச் சிலிண்டர் கசிந்து எண்ணெய் முழுவதும் தரையில் இறங்கியது. காலையில் மகள் போனில் அழாத குறையாகச் சொன்னாள்: “அந்த வீட்ல தனியா உக்காந்து என்னப்பா பண்றீங்க? வண்டியச் சரி பண்ணிட்டு இங்க வந்துடுங்க. பாப்பா தினமும் தாத்தா எங்கன்னு கேக்குறா.” வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வண்டி ஓடினால் நாளைக்கே கிளம்ப வேண்டும். வீட்டைப் பூட்ட வேண்டும்.

கொட்டகைத் தகரத்தில் மழை கொட்டியது. மதியம்தான், ஆனால் விளக்கில்லாமல் முடியாதபடி இருட்டிக்கொண்டு வந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, தாங்கிகளை முட்டுக்கொடுத்து, முதுகை அட்டையில் போட்டு உள்ளே சரிந்தார். ஏற்கெனவே உள்ரப்பரை மாற்றித் துடைத்து வைத்திருந்த சிலிண்டரைக் கியர்பெட்டியின் பக்கவாட்டில் பொருத்தினார். தள்ளுகம்பியின் முனை தன் குழியில் உட்கார்ந்தது. இரண்டு போல்ட்டையும் முடுக்கி, எண்ணெய்க் குழாயைப் பூட்டினார். இதெல்லாம் ஒற்றை ஆள் வேலை.

மிச்சமிருப்பதுதான் இரண்டு பேர் வேலை. குழாய்க்குள் காற்று நின்றால் கிளட்ச் வேலை செய்யாது, அதை வெளியேற்ற வேண்டும். மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, கீழே இருப்பவர் சிலிண்டரில் காற்றை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து, காற்றும் எண்ணெயும் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகே பெடலை விடலாம். முந்தி விட்டால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். அவளுக்கு இது தலைகீழ்ப் பாடம். “மிதி” என்பார். “மிதிச்சாச்சு” என்பாள். “விடு.” “விட்டாச்சு.” செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலால்தான் மிதிப்பாள். ஒருமுறை அவர் ‘விடு’ சொல்ல மறந்து, எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். “நீங்க விடச் சொல்லலியே!” என்றாள். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இன்று ஆளில்லை. நிப்பிளில் குழாயைச் செருகி, மறுநுனியைப் பாட்டிலில் இருந்த எண்ணெய்க்குள் முக்கி, திறந்து வைத்தார். பானெட்டுக்கு அடியில் டப்பாவில் ஊற்றியிருந்த புது எண்ணெய் தானாக, மெதுவாக இறங்கட்டும் என்று காத்துக் கிடந்தார். துரு வாசனை, எண்ணெய் வாசனை, ஈர மண் வாசனை. இவற்றுக்கு நடுவே எங்கிருந்தோ ஆஸ்பத்திரி வார்டின் மருந்து நெடி.

பெடல் ‘கிரீச்’ என்றது.

பாட்டிலில் குபுகுபுவெனக் குமிழ்கள் பொங்கின. அவர் யோசிக்கவில்லை. கைதான் யோசித்தது, ஸ்பேனரைத் திருப்பி நிப்பிளை மூடியது. பிறகுதான் உறைத்தது. கார்க் கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. யாரும் ஏறியிருந்தால் வண்டி அசைந்திருக்கும். அசையவில்லை. ஆனால் பெடல் மேலே வரவும் இல்லை. மிதிபட்டபடியே காத்திருந்தது.

“விடு” என்றார்.

கிரீச்.

“விட்டாச்சு.”

வெளியே ஓடிவிட வேண்டும் என்று கால்கள் துடித்தன. ஓடவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. எத்தனை நாள் இந்தக் குரலுக்காகச் சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்!

“மிதி.”

“மிதிச்சாச்சு, மெக்கானிக்கரே.”

திறந்தார், மூடினார், விடச் சொன்னார். மறுபடி மிதிக்கச் சொன்னார். குமிழ்கள் குறைந்துகொண்டே வந்தன. பெரியவை போய்ச் சின்னவை, சின்னவை போய் ஒன்றிரண்டு. கடைசியில் ஒரு குமிழ்கூட இல்லாமல் எண்ணெய் தெளிவாக வந்தது.

வேலை முடிந்தது.

நிப்பிளை இறுக்கினால் போதும். அவள் இறங்கிப் போய்விடுவாள். இவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பேத்தியிடம் போய்விடுவார். அதுதான் நியாயம். அவருக்கு அது தெரியும்.

குழாயின் நுனியை எண்ணெயிலிருந்து வெளியே எடுத்தார். நிப்பிளை மூடாமலே, “விடு” என்றார்.

களக் என்று காற்று உள்ளே போனது.

“விட்டாச்சு. முடிஞ்சுதா?”

“இல்லம்மா. இன்னும் காத்து இருக்கு. இன்னும் ஒரே ஒரு தடவ.”

கிரீச். மறுபடி குமிழ்கள். மறுபடி களக். மழை நின்றது. விளக்கில்லாத மூலைகள் நெருங்கி வந்தன. பெடலின் கிரீச் ஒவ்வொரு முறையும் நீண்டது, கனமான எதையோ இழுத்து வைப்பதுபோல். அவள் மூச்சு கேட்டது. வார்டில் கடைசி வாரம் கேட்ட அதே மூச்சு.

“கால் வலிக்குதுங்க.”

“இதோ, முடிஞ்சுடும்.”

“போதுங்க. என்ன விட்டுடுங்க.”

அன்றும் இதையேதான் சொன்னாள். டாக்டரும் சொன்னார், இனி அவங்களக் கஷ்டப்படுத்த வேணாமே என்று. இவர்தான் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இன்னும் ஒரே ஒரு ஊசி. இன்னும் ஒரே ஒரு நாள்.

மேலே பானெட்டில் வைத்திருந்த போன் அடித்தது. மகளாகத்தான் இருக்கும். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

சொட்டு.

கன்னத்தில் ஏதோ விழுந்தது. எண்ணெய் இல்லை. எண்ணெய் இவ்வளவு சில்லென்று இருக்காது.

டார்ச்சை எடுத்துத் தரைத்தகட்டின் ஓட்டையை நோக்கி அடித்தார்.

அவள் பாதம். அவருக்குப் பழக்கமான பித்தவெடிப்பு, குதிகால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம். மிச்சமெல்லாம் தேய்ந்திருந்தது. தோல் இல்லை. சதை இல்லை. மிதித்து மிதித்து, ரப்பரில் இழைந்து இழைந்து, வெள்ளையாக எலும்பு. அது நடுங்கிக்கொண்டே பெடல் மேல் நின்றது. எடுக்கவில்லை. அவர் சொல்லாமல் எடுக்க மாட்டாள்.

“முடிஞ்சுதாங்க?”

அவர் விம்மினார். டார்ச்சை அணைத்தார். குழாயின் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“விடு.”

களக்.

“விட்டாச்சு.” இப்போது அதில் பாதி அழுகை.

“மிதிம்மா,” என்றார்.

கிரீச்.